வெளுக்காத புடவை

அன்புள்ள மாமாவுக்கு,

செஞ்சிக் கோட்டையை நவாபு கத்தியால் பிடித்தான். உங்கள் மகன் கத்தியே பிடித்துவிடுவான். சாயங்காலமானால் காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடுகிறான். ஓமத்தண்ணீருக்கும் அடங்கவில்லை. நான் குரங்காட்டம் ஆடிக் காட்டினேன், இன்னும் அழுதான்.

அக்கா புடவையில் கட்டிய தூளியில் மட்டும் தூங்குவான். அக்காவின் காரியத்தன்று, தீட்டென்று அதையும் வெளுக்கப் போட்டுவிட்டார்கள். இப்போது அதில் சவுக்காரம்தான் மணக்கிறது. அதிலும் தூங்குவதில்லை.

வெளுக்காத புடவை ஒன்று உங்களிடம் இருக்கிறது. மெட்ராசுக்குக் கிளம்பும்போது நீங்கள் பெட்டியில் வைத்ததைப் பார்த்தேன்.

"மாமாவுக்கு அது ஒண்ணுதான் இருக்குது, கேக்காதடா" என்றாள் அம்மா.

"ரெண்டும்மா. இன்னொண்ணு இங்க கத்தினு இருக்குது" என்றேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பார்சலில் அனுப்பிவிடாதீர்கள் மாமா. நீங்களே கொண்டுவாருங்கள். இங்கே இருந்தபோதும் நீங்கள் தூளிப் பக்கம் வரவில்லை, அவன் முகத்தை இன்னும் பார்க்கவே இல்லை. மூக்கு அக்காவுடையது.

உங்கள் மச்சினன்