வெளி ரத்தம்

அப்பாவுக்கு,

விஜயவாடாவிலிருந்து புறா விட்ட பந்தயத்தின் முடிவு உங்கள் போனுக்கும் வந்திருக்கும். இரண்டாவது, உங்கள் கடலூர்க் கூண்டுப் புறா. முதலாவது, சிதம்பரத்தில் என் மாடியில் வந்து இறங்கிய பெட்டை. சந்தேகமிருந்தால் கிளப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதன் தகப்பன், கல்யாணத்துக்கு முன்பு நீங்கள் எனக்கென்று கொடுத்த வெள்ளைக்கண் ஆண்தான். திறந்துவிட்டால் நேராக உங்களிடமே பறந்துவிடும் என்று இன்னமும் அடைத்தே வைத்திருக்கிறேன். தாய், உங்கள் மருமகன் வீட்டுப் புறா. "அவுங்க வூட்டுப் புறாவுக்கு ஏது வம்சம்?" என்று கிளப்பில் சிரித்தீர்களாம். கோப்பை என் அலமாரியில் இருக்கிறது, வந்து பார்க்கலாம்.

"ஒரே ரத்தத்துலயே ஜோடி போட்டுக்கினு இருந்தா குஞ்சு சோப்ளாங்கியாத்தான் வரும். வெளி ரத்தம் சேக்கணும்" என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது யார்? நான் உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் நடந்திருக்கிறேன்.

குழந்தைக்குப் பெயர் வைப்பது கோயிலிலா சர்ச்சிலா என்று இங்கே யாரும் சண்டை போடவில்லை. இரண்டிலும் வைத்துவிட்டோம்.

ஒன்றுதான் பாக்கி. குஞ்சின் காலில் அடையாள ரிங் மாட்டும் வேலையை நீங்கள் யாரிடமும் விட்டதில்லை. "நாள் தள்ளுனா கால் பெருத்துடும், அப்புறம் நுழையாது" என்பீர்கள். உங்கள் பேரனுக்கு இன்னும் காலில் காப்புப் போடவில்லை. மாமியார் வாங்கி வந்ததை, அது எங்கள் அப்பா போட வேண்டியது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவன் கால் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே வருகிறது, அப்பா.

இப்படிக்கு,
உங்கள் மகள்