கைகண்ட கேள்வி

ஜூன் 3, செவ்வாய்

இன்று முதல் நான் 'தத்துவ ஆலோசகர்'. முப்பத்தொரு வருடம் கல்லூரியில் தத்துவம் நடத்தி இப்போதுதான் ஓய்வு பெற்றவனுக்கு வந்த வாழ்வைப் பார்! இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு நகரம், அதில் ஒரு ஞானி, அவனை ஒழிக்கத் துடிக்கும் பூசாரிகள், நடுவில் மதக்கலவரம். இதுதான் படம். ஞானிக்கு மேல்சட்டை கிடையாது. பட்டினி கிடந்து யோசித்தவன் என்று கதையில் வருகிறது. வயிற்றில் சிக்ஸ் பேக். பூசாரிகளுக்குக் கண்ணில் மை, கறுப்பு அங்கி. ஞானியின் சீடர்களுக்கு வெள்ளை. யார் நல்லவன் என்று ஜனங்கள் குழம்பிவிடக் கூடாதாம்.

எனக்கு மேசை போட்டிருப்பது மேக்கப் அறையில், ஒட்டுத்தாடிகள் தொங்கும் கம்பிக்குக் கீழே. எல்லோரும் என்னைத் 'தத்துவம் சார்' என்கிறார்கள்.

ஜூன் 4, புதன்

சீடன் ஒருவன் கைக்கடிகாரத்தோடு நிற்கிறான். சொன்னேன். "கிராபிக்ஸ்ல அழிச்சிடுவாங்க சார்" என்றான். என் மூளையையும் அழித்துவிட்டால் தேவலை.

ஜூன் 9, திங்கள்

இயக்குநர் கூப்பிட்டார்.

"சார், கடைசில ஞானிக்கும் தலைமைப் பூசாரிக்கும் ஒரு வாதம். ஒன்றரை நிமிஷம். ஞானி ஒரே ஒரு கேள்வி கேக்குறான், பூசாரி வாயடைச்சுப் போறான். ஜனம் கைதட்டுது. அப்புறம் தீ வைக்கிறாங்க."

பன்னிரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். இரண்டு தரப்புக்கும் நியாயம் செய்து, மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியது. மனிதர் அதைப் படிக்கவில்லை. மின்விசிறி ஓடவில்லை என்று அதை எடுத்து விசிறிக்கொண்டார்.

"பூசாரி எதுக்கு சார் பதில் சொல்றான்? அவன் பதில் சொன்னா நம்மாளு எப்படி ஜெயிப்பான்?"

இவர்களுக்கு வாதமும் குஸ்தியும் ஒன்று. போய்த் தொலையட்டும் என்று ஒரே வரியில் கொடுத்தேன். "உன் தெய்வம் எல்லாம் வல்லது என்றால், அந்தக் குழந்தை மூச்சுக்குத் திணறியபோது அது எங்கே போயிருந்தது?"

மனிதர் எழுந்து நின்று கை கொடுத்தார். "இது வேலை செய்யுமா சார்?"

கைகண்ட கேள்வி என்றேன். ஒருவரிடம் கேட்டே பார்த்திருக்கிறேன், ஆள் அப்படியே வாயடைத்துப் போய்விட்டார் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

ஜூன் 14, சனி

தம்பி மகள் என் மனைவிக்குப் போன் செய்திருக்கிறாள். எனக்கும் தம்பிக்கும் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பெண்களுக்குள் மட்டும் உண்டு. "பெரியப்பா பேரு திரையில வருமாமே! நாங்க முதல் நாளே போறோம் பெரியம்மா, அம்மாவும் வர்றேன்னுட்டாங்க" என்றாளாம்.

என்ன எழுதினீர்கள் என்று மனைவி கேட்டாள். ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக் காட்டினேன். மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"அதையா? உங்க தம்பிகிட்ட கேட்டதையா?"

"பேரா போட்டிருக்கேன்?"

"உங்க தம்பி சம்சாரம் தியேட்டர்ல உட்கார்ந்திருப்பா. சுத்தி எல்லாரும் கைதட்டுவாங்க."

துணியை மடிக்காமலே எழுந்து போய்விட்டாள்.

ஆறு வருடத்துக்கு முன் தம்பியின் சின்ன மகள் காய்ச்சல் கண்டு, மூச்சுத் திணறி, மூன்றே நாளில் போய்விட்டாள். பதினொரு வயது. நாலு மாதம் கழித்து அவனும் அவன் மனைவியும் ஏதோ ஒரு பிரார்த்தனைக் கூடத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். என் தம்பி! என் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவன்! அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் அதைக் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. இருந்தால்தானே சொல்வான்? அதன்பிறகு வகுப்பில் எத்தனையோ முறை அதை உதாரணம் காட்டியிருக்கிறேன், ஆளைச் சொல்லாமல்தான்.

இதில் வெட்கப்பட எனக்கு என்ன இருக்கிறது?

ஜூலை 2, புதன்

பூசாரியாக நடிப்பவர் நாடகக்காரர், அறுபது தாண்டியவர். இந்தக் கூட்டத்தில் காட்சி முழுவதையும் படித்துவிட்டு வந்த ஒரே ஆள். அதில் அவருக்கு ஒரு வார்த்தைகூடக் கிடையாது. தாடி எடுக்க வந்தவர் என் மேசையருகே நின்றார்.

"நாளைக்கு எடுக்குறாங்க சார். இந்தக் கேள்வியைக் கேட்டு ஒருத்தர் நிஜமாவே வாயடைச்சுப் போனாராமே. அப்ப அவர் கை எங்க இருந்துச்சு?"

கரண்டியில், என்றேன். எனக்குப் பரிமாறிக்கொண்டிருந்தான்.

"தலை குனிஞ்சாரா?"

இல்லை.

"உங்களைப் பார்த்தாரா?"

யோசித்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தான்.

"பின்னால என்ன?"

"அடுக்களைக் கதவு."

"யாராச்சும் நின்னாங்களா?"

அவன் மனைவி நின்றிருந்தாள். கையில் தண்ணீர்ச் செம்பு.

நாடகக்காரர் கம்பியிலிருந்து தாடியை எடுத்துக்கொண்டார். "அப்ப அவருக்குப் பதில் இல்லாம இல்லீங்க சார். அந்தம்மா காதுல இன்னும் எதுவும் விழ வேணாம்னு நிறுத்திக்கிட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கென்ன முதுகிலா கண்? — பொய். திரும்பிப் பார்த்தேனே. அந்தச் செம்பை வாங்கிக் குடிச்சேனே. குடிச்சுட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துன்னு தட்டை நீட்டினேனே. சீ.

ஜூலை 3, வியாழன்

படப்பிடிப்பு. ஞானி மார்பை நிமிர்த்திக் கேள்வியைக் கேட்டான். நாடகக்காரர் அவனுடைய தோளுக்குப் பின்னால் பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"கட்! என்ன சார், பெரிய மனுஷன் மாதிரி நிக்கிறீங்க? தோத்துப்போன மூஞ்சி வேணும் சார்!"

ஒன்பது டேக். கடைசியில், விரலிலிருந்த மோதிரம் கீழே விழுந்துவிட்டது, தேடுங்கள் என்றார் இயக்குநர். பூசாரி தலை குனிந்து தேடினார். தோல்வி கிடைத்துவிட்டது! கூலிக்கு வந்த முந்நூறு பேரும் கைதட்டினார்கள். இந்த மடையர்களைப் பற்றி எழுத எவ்வளவோ வைத்திருந்தேன். ஆனால் நானும் ஆறு வருடமாக வகுப்பில் ஓட்டியது இதே படத்தைத்தான், மோதிரம்கூட இல்லாமல்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி இயக்குநரிடம் கேட்டேன். "என்ன சார் வெளையாடுறீங்க? அதுதான் சார் படமே! டிரெய்லரே அதுலதான் முடியுது." தட்டிக்கொடுத்து அனுப்பினார். வேறு என் பேச்சு எதையாவது இவ்வளவு மதித்திருக்கிறாரா இந்த மனிதர்?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

"போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள் மனைவி. தம்பியிடமா என்றேன். "அவகிட்ட."

செப்டம்பர் 7, ஞாயிறு

போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். அவள் மாத்திரையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 10, வெள்ளி

டிரெய்லர் வந்துவிட்டது. பால் வாங்கப் போனேன். கடைக்காரர் போனில் அதுதான் ஓடுகிறது. "செம கேள்வி சார். பாருங்க, வாயைத் தொறக்க முடியல அந்தாளால." பாக்கிச் சில்லறையை வாங்காமலே வந்துவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

போனேன். கதவைத் திறந்தது தம்பி. நரைத்துவிட்டான். "வாங்கண்ணா" என்றான், நேற்றுத்தான் வந்துபோனவனைக் கூப்பிடுகிற மாதிரி. அவன் மனைவி பிரார்த்தனைக் கூடத்துக்குப் போக உடுத்திக்கொண்டு நின்றிருந்தாள். நான் பேச வேண்டியதை மூன்று பகுதியாகத் தயாரித்து வைத்திருந்தேன். முன்னுரையே வரவில்லை.

"டிரெய்லர் பார்த்துட்டேன் மாமா" என்று அவளே ஆரம்பித்தாள்.

"நான்தாம்மா எழுதினேன்."

"தெரியும். உங்க குரல்லயே கேட்டுச்சு எனக்கு."

"அன்னிக்கு நீ பின்னால நின்னே. நான் பார்த்தேன். பார்த்தும்... அந்தக் கூடத்துல உங்களுக்குப் பெருசா ஒரு பதில் கெடச்சுட்டதா நீங்க நம்புறீங்கன்னு எனக்கு ஆத்திரம்."

"பதிலா?" அவள் என்னை நேராகப் பார்த்தாள். "யாருக்குக் கெடச்சுது? அதைக் கேக்கத்தானே மாமா அங்க போறோம். வேற எங்க போய்க் கேக்குறது? உங்ககிட்டயா?"

தம்பி அவள் தோளைத் தொட்டான். அவள் அழவில்லை. மகளைக் கூப்பிட்டு எனக்கு டீ போடச் சொன்னாள்.

மன்னிச்சுக்கோம்மா என்றேன். இந்த ஒரு வார்த்தைக்கு மூன்று பகுதி தயாரித்திருக்கிறேன், முட்டாள்.

கிளம்பும்போது தம்பி வாசல்வரை வந்தான். "படத்துக்கு வரலண்ணா. தப்பா எடுத்துக்காதீங்க." நான் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதாம்! அவன் என்னிடம் கேட்கிறான்!

அக்டோபர் 31, வெள்ளி

படம் வந்துவிட்டது. அந்த வரிக்கு விசில் பறக்கிறதாம், இயக்குநர் போன் செய்தார். நான் போகவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

தம்பிக்கு இடுப்புப் பிடிப்பு, வண்டி ஓட்ட முடியவில்லை. அவளை நான் கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். வாசலோடு நின்றுகொள்ளலாம் என்றுதான் இருந்தேன், வெயில் கொளுத்தியது. கடைசி வரிசையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒலிபெருக்கி காதைக் கிழிக்கிறது. பாட்டு ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். போதகர் பேசியது வடிகட்டின அபத்தம். முதல் பத்து நிமிடத்திலேயே ஆறு ஓட்டைகள், எண்ணினேன். காரணத்தைக் காரியம் என்கிறார், உவமையைச் சான்று என்கிறார். முதலாண்டு மாணவன்கூடக் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவான். ஏழாவதை எண்ணும்போது எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். நான் மூடவில்லை.

அவள் மூடியிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் கேட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.