உயிரோடு இருப்பவனுக்கு ஒரு நிமிடம்

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது.

இங்கே நானும் அத்தானும் சுகம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. போனில் பேசினால் உனக்குக் கேட்பதில்லை. செய்தி அனுப்பினாலும் பார்ப்பதில்லை. போனையே அணைத்து அலமாரியில் போட்டுவிட்டாய் என்று உன் மனைவி சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம். கடைசி வரை படி. நடுவில் கோபம் வந்தாலும் கிழித்துப் போடாதே.

காது டாக்டரிடம் மறுபடி போனாயா? இடது காதில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, கருவி வைத்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னாராமே. நீ பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாயாம். உன் மனைவி எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிடுகிறாள், அவளைத் திட்டாதே. டிரம்ஸ் குச்சிகளை நீ குப்பையில் போட்டதையும் சொன்னாள். அறைக்கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாய் என்பதையும் சொன்னாள்.

எனக்கு அதே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்தான். தேய்க்கும் இயந்திரத்திலிருந்து மாற்றி, அழுக்குத் துணி பிரிக்கும் மேசையில் போட்டிருக்கிறார்கள். ரத்தம், சீழ், வாந்தி என்று எது வந்தாலும் பிரித்துப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடுவேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

உங்கள் பாட்டுக் குழு இங்கே வந்திருந்தது. நீ இல்லாமல் அதை உங்கள் குழு என்று சொல்லக்கூடாதுதான், வாய்ப்பழக்கம். மளிகைக்கடைக் கண்ணாடியில் பாடகன் சுருட்டையின் முகத்தை ஆள் உயரத்துக்கு ஒட்டியிருந்தார்கள். நம் வீட்டில் மூன்று வருஷம் தின்று உறங்கிய அதே சுருட்டைதான். காது போனதென்று உன்னைக் குழுவிலிருந்து நீக்கிய கோபம் எனக்கு இருந்தாலும் கால் கேட்கவில்லை. உன் பாட்டுகளை வேறு யாராவது வாசித்தாவது கேட்போமே என்ற நப்பாசை. என்னோடு வேலை செய்யும் தேய்ப்புக்கார அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். அவள் உங்கள் பாட்டு எதையும் கேட்டதில்லை. எனக்கு ஒரு தம்பி உண்டு என்று மட்டும் தெரியும், நீ யார் என்று தெரியாது.

நாற்காலி, சோபா விற்கும் கடையின் மாடி. சாயங்காலம் யாருக்கோ பிறந்தநாள் விழாவாம், அதனால் மதியம் இரண்டு மணிக்கே கச்சேரி. தரையெல்லாம் பழைய சர்பத் காய்ந்து பிசுபிசுவென்று செருப்பைப் பிடித்து இழுத்தது. ஜன்னலே இல்லாத அறையில் புகை இயந்திரத்தை வேறு ஓட்டினார்கள். குழந்தைகள் இருமிக்கொண்டே இருந்தன. ஆனால் பாட்டு நன்றாகத்தான் இருந்தது, அதை மறைத்தால் பாவம். முதல் நான்கு பாட்டுக்கும் கை சிவக்கத் தட்டினேன்.

அப்புறம் விளக்கை அணைத்தார்கள். சுருட்டை மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அடுத்த பாட்ட எழுதினவன் என் உயிர் நண்பன். எங்க டிரம்மர். இப்ப அவன் நம்மோட இல்ல" என்றான். குழுவில் இல்லை என்கிறான் என்று நினைத்தேன். "ஆஸ்பத்திரில என் கையப் புடிச்சுக்கிட்டு, 'மச்சான், இந்தப் பாட்ட மட்டும் விட்டுடாத'ன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடினான்" என்று அவன் சொன்னபோது பின்னால் திரையில் உன் படம் வந்தது. கறுப்பு வெள்ளையில். நான் எடுத்த படம்தான் அது. கீழே நீ பிறந்த வருஷம், ஒரு கோடு, அதற்கப்புறம் போன வருஷம்.

எல்லோரும் ஒரு நிமிஷம் எழுந்து நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன.

தம்பி, நானும் எழுந்து நின்றேன்.

ஏன் என்று கேட்காதே. எல்லோரும் நின்றார்கள், என் காலும் நின்றது. பக்கத்தில் தேய்ப்புக்கார அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், யாரு பெத்த புள்ளயோ" என்றாள். அதற்கும் நான் பேசாமல்தான் நின்றேன்.

பிறகு பாடினான். எந்தப் பாட்டு தெரியுமா? பெட்டிப் பாட்டு. நான் இங்கே வேலைக்குக் கிளம்பிய அன்று பெட்டி மூடாமல், நீ அதன்மேல் ஏறி உட்கார்ந்து, விரல் முட்டியால் தாளம் தட்டி என்னைக் கிண்டலடித்துப் பாடினாயே, அது. வயிறு வலிக்கச் சிரித்த பாட்டை அவன் ஒப்பாரியாக இழுத்தான். சனம் விம்மியது.

முடிந்ததும் அவனோடு படம் எடுக்க வரிசை நின்றது. நானும் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது ஒரு நொடிதான். உடனே, "அக்கா, நீங்களா!" என்று தோளில் கைபோட்டான். அவன் பூசியிருந்த வாசனைத் தைலத்தின் நாற்றம் இன்னும் என் சட்டையில் இருக்கிறது, இரண்டு முறை துவைத்தும் போகவில்லை. ஏன்டா இப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. சும்மா பாடினா யாரு வர்றா? சனம் கதை கேக்குது" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன் காதுக்கு இதெல்லாம் எங்க எட்டப் போகுது?" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான், தம்பி.

தோளிலிருந்த அவன் கையைத் தட்டிவிட்டு மேடையில் ஏறினேன். மைக் அணைக்கப்படாமல் கிடந்தது. "அது என் தம்பி. அவன் சாகல. உயிரோட இருக்கான்" என்று கத்தினேன். இரண்டாவது முறை சொல்வதற்குள் யாரோ இணைப்பைப் பிடுங்கிவிட்டார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் உனக்காக அழுத ஒருவர், "ஃபோட்டோ எடுத்துட்டுப் போயிடுறோம்மா, கொஞ்சம் நகருங்க" என்றார். மற்றவர்கள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

பஸ்ஸில் தேய்ப்புக்கார அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இறங்கும்போது, "அப்ப நீ ஏன் எழுந்து நின்ன?" என்று மட்டும் கேட்டாள். சுருட்டையைப் பார்த்தால் வரும் அருவருப்பு, அன்றிலிருந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தாலும் வருகிறது.

அவன் உனக்குச் செய்த அஞ்சலியை யாரோ படம்பிடித்துப் பரப்புகிறார்களாம். உன் வீட்டுக்கும் துக்கம் விசாரிக்க எவராவது வரக்கூடும். அடுத்தவர் வாயால் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது என்றுதான் எழுதினேன். வந்தால் உன் மனைவியை அனுப்பாதே, நீயே போய்க் கதவைத் திற. வந்தவர் முகம் போகிற போக்கைப் பார்.

விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அடுத்த மாதம் வந்துவிடுவேன். அதுவரை அறையைத் தாழ்ப்பாள் போடாதே. இந்தக் கடிதத்துக்குப் பதில் உன் கையெழுத்தில் வரவேண்டும். என்னைத் திட்டி எழுது, அந்த ஒரு நிமிஷத்துக்கு என்னை என்ன வேண்டுமானாலும் கேள். நன்றாக இரு என்று எல்லோரும் எழுதி முடிப்பார்கள். நான் அவ்வளவு பெரிதாகக் கேட்கவில்லை. நீ இரு, தம்பி. இரு.

உன்
அக்கா