பர்ல் சித்தப்பா கூரைமேல் நின்ற அன்று

லாரல் ஓடை, கென்டக்கி
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்பு மகள் லியானாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கர்த்தருடைய கிருபையில் மூச்சோடு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஐவியும் அந்த அலாஸ்காக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் திறந்ததும் என் முதல் ஜெபம். நீ அனுப்பிய புகையிட்ட மீன் பொட்டலம் கெடாமல் வந்து சேர்ந்தது, பாதியை ஒலீட்டா சித்திக்குக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள், தின்றாளா என்று தெரியாது, கழுத்தெலும்பு தெரிகிறது அவளுக்கு. திரையில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போது இந்தக் காகிதமும் தபாலும் எதற்கு என்று நினைப்பாய். வெள்ளத்துக்குப் பிறகு அரசாங்கம் கொண்டுவந்து நிறுத்திய டிரெய்லர் வீட்டில் ஒருவர் பெருமூச்சு விட்டால் மற்றவருக்குக் கேட்கும், கட்டிலிலிருந்து கை நீட்டினால் அடுப்பு. அப்பாவைப் பற்றி அப்பாவுக்குக் கேட்காமல் பேச அங்கே இடமே இல்லை. அதனால் ஆராதனை முடிந்த பிறகு சர்ச்சின் கீழ்த்தளச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், பக்கத்தில் பெண்கள் தட்டுக் கழுவுகிறார்கள், எழுத்து கோணலாக இருந்தால் அந்த மேஜையின் குற்றம்.

நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா ஏன் முகம் காட்டுவதில்லை, பர்ல் சித்தப்பாவின் அடக்கத்துக்கு நான் வரவில்லை என்று என்மேல் கோபமா என்று முன்பு ஒரு தடவை கேட்டாய். கோபம் இல்லை கண்ணு. பிறந்து இரண்டு வாரம் ஆன குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நீ எப்படி வருவாய், அது எல்லாருக்கும் தெரியும். அன்று உன்னிடம், சித்தப்பா கூரையிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டார் என்று மட்டும்தான் சொன்னேன். பச்சை உடம்புக்காரியிடம் அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. இப்போது உன் உடம்பும் தேறிவிட்டது, நடந்ததை நடந்தபடி நீ தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் பேசினால் அப்பாவுக்கு எங்கே வலிக்கும் என்று உனக்குப் பிடிபடாது.

நம் பள்ளத்தாக்கில் வெள்ளம் பிடுங்கிய டெலிபோன் கம்பி திரும்பி வரவே இல்லை, செல்போனில் சிக்னல் வேண்டுமென்றால் மலையேறி இந்த சர்ச் வாசலுக்கு வர வேண்டும். அப்பாவின் நுரையீரல் டாக்டரோ மலைச்சாலையில் இரண்டரை மணி நேரம் தள்ளி இருக்கிறார். ஒரு தடவை போய் வந்தால் அப்பா நான்கு நாள் எழுந்திருக்க மாட்டார். சுரங்கத் தூசி அவ்வளவு தின்றுவைத்திருக்கிறது. இனிமேல் மாதம் ஒரு தடவை திரையிலேயே பார்க்கிறேன், வீட்டில் இன்டர்நெட் மட்டும் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதோடு ஐவியும் பிறந்தாள். செய்தி கேட்டு அப்பா என்னிடம் எதுவும் சொல்லவில்லை, பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே தம்பியிடம் போய், டேய், அந்தச் சாட்டிலைட் டிஷ் ஒண்ணு வாங்கி மாட்டித் தர்றியா, பேத்தி மூஞ்சியப் பாத்துட்டாவது போறேன் என்று கேட்டிருக்கிறார். சித்தப்பா பெட்டியும் கையுமாக வந்து இறங்கினார். அப்பா உயிரோடு இருக்கும்போதே அவருக்காக அழ ஆரம்பித்துவிட்டோம் நாங்கள் எல்லாரும், உனக்குத் தெரியும். சித்தப்பா ஒருவர்தான் அழவில்லை. வாசலிலேயே, அண்ணே, இதுக்கப்புறம் நீ இருமறது அலாஸ்கா வரைக்கும் கேக்கும், கொஞ்சம் அடக்கி வாசி என்றுதான் ஆரம்பித்தார்.

வேலை பெரிய வேலை இல்லை. ஒரு சதுரத் தட்டு, அதைக் கூரையில் திருகாணி போட்டு இறுக்கி, திருகிய ஓட்டைகளைத் தண்ணீர் இறங்காதபடி பசை வைத்து அடைத்து, கேபிளைப் பக்கச் சுவர்த் துளை வழியாக உள்ளே இழுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தட்டுக்கு வானம் திறந்து தெரிய வேண்டுமாம். நமக்கோ ரெண்டு பக்கமும் மலை, ஓடைக்கரையில் மரம், வானம் ஒரு வேட்டி அகலம். சித்தப்பா முதலிலேயே, கூரை ஈரமா இருக்கு அண்ணே, கம்பம் ஒண்ணு நட்டு அதுல மாட்டிடலாம் என்றார். அப்பா கேட்கவில்லை. வெள்ளம் தின்ன மண்ணுலடா கம்பம் நடுவ? அடுத்த மழைக்கு ஓடையில எறங்கித் தேடுவியா என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, மறுக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. சித்தப்பா சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறினார்.

அப்பா கீழே நாற்காலியில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு உட்கார்ந்து கையில் போனைப் பிடித்துக்கொண்டார். எந்த இடத்தில் வானம் மறைகிறது, எந்த இடத்தில் திறக்கிறது என்று அது காட்டும். கேபிள் ஏற்கெனவே உள்ளே வந்து தட்டுக்குக் கரண்ட் போய்க்கொண்டிருந்தது, திருகாணிதான் போடவில்லை. சித்தப்பா தட்டைக் கையில் எடுத்து ஒரு இடத்தில் வைப்பார், அப்பா சிவப்பு என்பார், இன்னொரு இடத்தில் வைப்பார், இன்னும் சிவப்பு. நான் படிக்கட்டில் உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு இடத்தில் தட்டை வைத்துவிட்டு சித்தப்பா நிமிர்ந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து, அண்ணே, இங்கேர்ந்து பாத்தா லியானா வீடே தெரியுது, துணி காயப்போட்டுட்டிருக்கா என்றார். அப்பாவும் சிரித்துவிட்டார், சிரித்தால் அவருக்கு இருமல் வரும், வந்தது. இருமிக்கொண்டே போனைப் பார்த்து, நல்லா வருது, ஆனா உன் ஒடம்பு மறைக்குது, நகரு, இன்னும் கொஞ்சம் பின்னாடி போ என்றார். சித்தப்பா ஒரு அடி வைத்தார். இன்னும் கொஞ்சம் பின்னாடி என்றார் அப்பா, கண்ணைப் போனிலிருந்து எடுக்காமல். அடுத்த அடிக்குக் கூரை இல்லை.

நம் பழைய வீட்டின் வாசற்படி ஞாபகமிருக்கிறதல்லவா, வீடு போன பிறகும் அந்த சிமென்ட் படி மட்டும் நின்றுகொண்டிருந்தது, அதன்மேல் விழுந்தார். கத்தவில்லை. அப்பா அதற்கு முன் பத்தடி சேர்ந்தாற்போல் நடந்து மாதக்கணக்காகிறது, அன்று எப்படிப் போனார் என்று தெரியவில்லை, நான் திரும்புவதற்குள் தம்பி பக்கத்தில் முழங்கால் போட்டு, தன் மூக்கிலிருந்த குழாயைப் பிடுங்கி அவர் மூக்கில் வைத்துவிட்டார். அது உடைந்த தலைக்கு என்ன செய்யும் லியானா, ஆனால் கையிலிருந்தது அதுதான். போனை என்னிடம் நீட்டினார், பேச மூச்சில்லை. தட்டு கூரைமேல் சித்தப்பா வைத்த இடத்திலேயே இருந்தது, அதன் வழியாகத்தான் அவசர எண் கிடைத்தது. அந்தப் பெண்ணின் குரல் அவ்வளவு தெளிவாக, என் தோளுக்குப் பின்னால் நின்று பேசுவது போல் கேட்டது. ஆனால் பாலம் போன ஊருக்கு ஆம்புலன்ஸ் சுற்றித்தானே வர வேண்டும். அது வருவதற்குள் சித்தப்பா அடங்கிவிட்டார். அப்பாவின் உதடு நீலமாகிவிட்டது, குழாயைத் திருப்பி வைக்கப் போனால் என் கையைத் தட்டிவிட்டார், வந்தவர்கள்தான் பலவந்தமாக வைத்தார்கள். ஆம்புலன்ஸில் உயிரோடு போனவர் அப்பா. நாங்கள் எல்லாரும் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது வேறு, நடந்தது வேறு.

அடக்கம் முடிந்து வந்ததும் அப்பா சொன்ன முதல் வார்த்தை, அதப் புடுங்கி ஓடையில எறி என்பதுதான். நான் எறியவில்லை, மாட்டவும் இல்லை. தட்டு அப்படியே கூரையில் கிடந்தது. பிறகு காற்றும் ஆலங்கட்டியும் வருகிறது என்று சொன்னார்கள், டாக்டர் பார்க்கிற நாளும் அடுத்த வாரம். என்ன செய்வது என்று நான் ஏணியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், ஒலீட்டா சித்தியின் வண்டி வந்து நின்றது. யாரும் கூப்பிடவில்லை. கையில் சித்தப்பாவின் டிரில் மெஷின். அவரு ஆரம்பிச்ச வேலை எதையும் அரைகுறையா விட்டதில்லக்கா, நீங்க ஏறுங்க, எனக்கு ஒசரம்னா தலை சுத்தும், நான் ஏணியப் புடிச்சுக்கறேன் என்றாள். நான் அறுபத்தொரு வயதில் கூரை ஏறினேன். நடக்கவில்லை, குழந்தை மாதிரி தவழ்ந்துதான் போனேன். தட்டை அவர் வைத்த இடத்தைவிட்டு நகர்த்தாமல் நான்கு திருகாணியும் போட்டு, பசையைத் தாராளமாக அப்பினேன். கீழே அவள் ஏணியைப் பிடித்த பிடியில் ஏணி அசையவே இல்லை. தலைக்கு நேர் மேலே அந்த டிரில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அப்பா உள்ளே படுத்திருந்தார்.

இறங்கியதும் காப்பி குடிக்க உள்ளே வந்தாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அத்தான், அவரு கடைசியா என்ன சொன்னாரு, எனக்கு அது மட்டும் வேணும் என்றாள். அப்பா சுவரைப் பார்த்தபடியே, நான்தாம்மா பின்னாடி போ பின்னாடி போன்னு சொன்னேன், நான்தான் சொன்னேன் என்றார். ஒலீட்டா, நீங்க என்ன சொன்னீங்கன்னு நான் கேக்கல, அவரு என்ன சொன்னாரு என்றாள், கொஞ்சம் கடுமையாகத்தான். அப்போதுதான் அப்பா திரும்பி, லியானா துணி காயப்போடுறது தெரியுதுன்னான் என்றார். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, இந்தக் கோமாளிய வெச்சுக்கிட்டு என்ன பாடு பட்டேன் என்றாள், அப்புறம் அந்தச் சிரிப்பு உடைந்தது. அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அப்பா அவள் தலைமேல் கை வைத்தார். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை. போகும்போது டிரிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், வாரா வாரம் சோள ரொட்டி கொண்டுவருகிறாள், அவ்வளவுதான்.

டாக்டர் திரையில் வந்தார். அப்பா சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு உட்கார்ந்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார். உன்னிடம் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், நுரையீரலில் இனி மீதமிருப்பது கொஞ்சம்தானாம், இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்றார். மறுபடி ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார், நானும் தலையாட்டிவிட்டேன். பனி உருகட்டும், ஐவி கொஞ்சம் வளரட்டும் என்று நாள் தள்ளாதே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா. இடம் இல்லையே என்று யோசிக்காதே, ஒலீட்டா வீட்டில் ரெண்டு அறை காலியாகக் கிடக்கிறது, பிள்ளைச் சத்தம் கேட்டால் அவளும் சாப்பிடுவாள். மாப்பிள்ளைக்குப் படகு வேலை முடியாவிட்டால் அவர் பிறகு வரட்டும். அவர் மனம் நோகாமல் சொல், கைக்குழந்தையோடு தனியாகப் பயணம் என்றால் எந்த அப்பனுக்கும் பயம் இருக்கும்.

வரும்வரை ஞாயிறுதோறும் கூப்பிடுவதை விடாதே. மேற்கே மலை மறைப்பதால் படம் நடுநடுவே நின்றுபோகும், என் வாய் திறந்தபடி உறைந்திருந்தால் பயப்படாதே, சற்றுப் பொறுத்தால் நகரும். முன்பெல்லாம் உன் அழைப்பு மணி அடித்ததும் அப்பா எழுந்து, நின்று நின்று வெளியே போய் பிக்கப்பில் உட்கார்ந்துகொள்வார், கதவை அடைத்துக்கொள்வார். போன ரெண்டு ஞாயிறாகப் போகவில்லை. கட்டிலின் அந்தக் கோடியில், காமிராவுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஐவி சிணுங்கியபோது கழுத்தை நீட்டினார், நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் இழுத்துக்கொண்டார். அதனால் சொல்கிறேன், அப்பா எங்கே என்று கேட்காதே, உங்கள்மேல் தப்பில்லை என்று தேற்றவும் போகாதே, அதைக் கேட்டால் எழுந்து போய்விடுவார். மழை பெய்ததா, மீன் எவ்வளவு வந்தது, பிள்ளை எத்தனை தரம் கக்கினாள், இந்த மாதிரி ஒன்றுமில்லாததைப் பேசு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. உன் மடியும் வீடும் நிறைந்திருக்கட்டும், குழந்தையின் காதை மூடாமல் வெளியே கொண்டுபோகாதே. ஒன்று மட்டும் மறக்காதே. அடுத்த தடவை கூப்பிடும்போது காமிராவை ஐவிக்கு நேராக வைத்துவிட்டு நீ ஒதுங்கிக்கொள், உன் முகம் எனக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தம்பி கடைசியாகப் பேசியது உன்னைப் பற்றித்தானே, அவரால் இப்போதைக்கு உன் முகத்தைப் பார்க்க முடியாது, அவள் முகத்தைப் பார்க்க முடியும்.

உன் அம்மா,
ரில்டா