பெண்கள் முறை முடிந்த பிறகு

தம்பெரே, 4 மார்ச் 1991

அன்புள்ள பெந்த்தி,

நலம்தானே, நண்பா? உன் ஊரில் பனி இன்னும் உருகவில்லையாமே.

எனக்கு ஒரு புதிர் பிடிபடவில்லை. எங்கள் அலுவலகத்தில் வியாழன் மாலைக் கூட்டம் ஒன்றும் முடிவாகாமல் கலைகிறது. வெள்ளி காலை போனால் எல்லாம் முடிவாகியிருக்கிறது. எப்போது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள். ஆற்றுப் பாலத்துக்குத் தலைமைப் பொறியாளர் யார் என்பது இந்த மாதம் தெரியும். கணக்கு முழுக்க நான் போட்டது. கிடைக்காவிட்டால் தாங்கமாட்டேன், சொல்லிவிட்டேன்.

எதிலும் மூக்கை நுழைக்கும்,
ரைலி

ஒவுலு, 11 மார்ச்

ரைலி அம்மணிக்கு,

கல்லூரியிலும் நீ இப்படித்தான். பேராசிரியர் இருமினால்கூட ஏன் இருமினார் என்று கேட்பாய். உன் மேலாளர் ஆர்னெ தங்கமான மனுஷன். சும்மா குடையாமல் வேலையைப் பார்.

உன் பெந்த்தி

தம்பெரே, 25 மார்ச்

அன்புள்ள பெந்த்தி,

கண்டுபிடித்துவிட்டேன். அலுவலகச் சவுனா, அந்த நீராவிக் குளியலறைதான்! வியாழன் கூட்டம் முடிந்ததும் முதல் முறை பெண்களுக்கு. நானும் கணக்கர் சைமியும் வியர்த்துக் குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அப்புறம் ஆண்கள் முறை. பீரும் சாசேஜுமாக உட்கார்ந்து அங்கேதான் எல்லாம் பேசி முடிக்கிறார்கள். பாலம் கெய்யோவுக்குப் போய்விட்டது. சந்தேகம் கேட்க என்னிடம் வருகிறவன் அவன்!

ஆர்னெயிடம் கேட்டேன். கோபப்படவே இல்லை. "கெய்யோவ எனக்கு நல்லாத் தெரியும், ரைலி. உன்னோட அப்படி உக்காந்து பேசினதே இல்லையே" என்றார்.

யாரும் என்னை மட்டம்தட்டவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பாரபட்சம் என்றால் யாராவது முறைப்பார்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்? வயிறு எரிகிறது. ஆனாலும் இத்தனை நாள் என் கண்ணுக்கு இது எப்படித் தப்பியது என்பதுதான் ஆச்சரியம்.

ரைலி

ஒவுலு, 5 ஏப்ரல்

அன்பு ரைலி,

அநியாயம்! உன்னைக் குடையாதே என்று சொன்ன வாயில் மண்ணைப் போடு. படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை.

கவலையை விடு. எங்களிடம் துறைமுகப் பாலத்துக்குத் தலைமை இடம் காலி. நேற்று சவுனாவில் நாலுபேர் சேர்ந்ததும் உன் பேச்சை எடுத்தேன். எல்லோரும் ஒரே குரலில் சரி என்றுவிட்டார்கள். மே மாதம் வந்து சேர்.

கெர்த்து என்று ஒருத்தி அந்த இடத்துக்குக் காத்திருந்தாள். கெட்டிக்காரிதான். நேற்று சீக்கிரமே குளித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள், திங்களன்று சொல்லிக்கொள்ளலாம்.

உன் பெந்த்தி

தம்பெரே, 12 ஏப்ரல்

அன்புள்ள பெந்த்தி,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் அழுகை வந்தது. அந்த வேலை எனக்கு வேண்டும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி வரமாட்டேன்.

உன் கடைசி வரிகளை இன்னொரு முறை வாசி. பிறகு கெர்த்துவைப் பகல் வெளிச்சத்தில் எதிரே உட்காரவைத்து அவள் வேலையைப் பார். அதற்குப் பிறகும் நான்தான் பொருத்தம் என்றால், அதை அவளே எனக்கு எழுதட்டும்.

அவள் கடிதம் வரும்வரை நீ எழுத வேண்டாம்.

ரைலி