மழையில் ஒளிர்ந்த கோட்டு

ஜோகுபாளையம், பெங்களூரு
ஞாயிறு மாலை

அன்புள்ள வைஷ்ணவி,

நலமா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நாலு மாதமாக நீ போனை எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரிப்பாய் என்று குடியாத்தம் முகவரிக்கு எழுதுகிறேன்.

நம் ஆபீஸ் ஆண்ட்ரூவுக்கு நேற்று கல்யாணம். பெண் கேரல், லிங்கராஜபுரத்துக்காரி, பாட்டு டீச்சர். மாப்பிள்ளை கோட்டுக்குள் நம் துணியைத்தான் வைத்துத் தைத்திருந்தேன். உடம்பு அசைந்தால் அடுக்குகள் உரசி மின்சாரம் தருமே, அதே துணி. ஈரம் ஏறாமல் மெல்லிய உறைக்குள் வைக்கலாம் என்று கடைசியாக நீ சொன்னதை அப்போது யாரும் காதில் வாங்கவில்லை. அப்படியே செய்து, காலரில் குட்டி விளக்குகள் கோத்தேன். ஆபீஸில் நம் ஆராய்ச்சிப் பிரிவை இந்த மாதத்தோடு மூடப்போவதாகப் பேச்சு. "மூடறதுக்குள்ள ஒரு தடவையாவது எரியட்டும், என் கல்யாணத்துலயே பார்த்துடலாம்" என்றான் ஆண்ட்ரூ.

சர்ச்சிலிருந்து ஹாலுக்கு வருவதற்குள் மழை பிடித்து, அவன் தொப்பலாக நனைந்துவிட்டான். ஜூலையில் முதலீட்டாளர்கள் வந்த அன்றும் இதே மழைதான். துணியில் ஈரம் ஏறி ஒரு விளக்குகூட எரியவில்லை, மறுநாளே நீ ராஜினாமா கொடுத்தாய்.

விருந்து நடுவே கரண்ட் போனது. பேண்ட்காரர்கள் மட்டும் வாசிப்பை நிறுத்தவில்லை. மேடையில் விறைப்பாக நின்ற ஆண்ட்ரூவை, "சும்மா நின்னா எப்படி எரியும்? ஆடுங்க" என்று கேரல் கையைப் பிடித்து இழுத்தாள். ஆடினான். காலரில் ஒன்று மினுங்கியது, பிறகு எல்லாமே. ஹால் முழுக்க விசில். நின்றால் அணைந்துவிடுமே என்று, ஜெனரேட்டர் போடும்வரை பாவம் வேர்க்க வேர்க்க ஆடினான்.

நம் மேலதிகாரி சீனிவாசராகவன் சார் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு எழுந்து வந்து கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"நனைஞ்சிருக்கே, எப்படிம்மா எரியுது?"

"வைஷ்ணவி சொன்ன யோசனை சார்" என்றேன்.

கிண்ணத்தை மேஜையில் வைத்தார். பிறகு, "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார். இன்று காலை போன் செய்து, நம் பிரிவை மூடாமலிருக்க நிர்வாகத்திடம் இன்னும் ஆறு மாதம் கேட்கப்போவதாகச் சொன்னார்.

துணியைத் துவைத்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. முழங்கைப் பக்கம் உறை பிரிகிறது, எனக்குப் பிடிபடவில்லை. உன் நாற்காலியில் யாரும் உட்காராமலிருக்க என் பையை வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் வந்தாலும் சரி, பொங்கல் கழித்து வந்தாலும் சரி. ரயில் ஏறியதும் ஒரு போன் செய், கே.ஆர்.புரம் ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன்.

உன் தோழி,
கிருத்திகா