நிஷ்மியா டீச்சர் ஒழுங்காக்கிய பதினான்கு தலைப்புகள்

அனுப்புநர்:
ம. இராயப்பன்,
ஓய்வுபெற்ற தொழிற்சாலைக் காவலாளி,
கீழ்ப்பிரிவு, ஏழாம் லயம்,
எல்கடுவ.

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
மாத்தளை.

விடயம்: பாடசாலை மலரின் ஆங்கிலத் தலைப்புகள் சம்பந்தமாக ஆசிரியை நிஷ்மியா மீது நடக்கும் விசாரணையில் முக்கியமான சாட்சி ஒருவர் விடுபட்டமை

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஆறாம் வகுப்பின் வாசலைப் பார்த்திருக்கிறேன். எழுத்தில் பிழை இருந்தால் மன்னியுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

2. எங்கள் தோட்டப் பாடசாலையின் எழுபத்தைந்தாம் ஆண்டு மலரில் ஆங்கிலப் பகுதியை நிஷ்மியா டீச்சர் பார்த்தார். அதில் பதினான்கு ஆக்கங்கள். ஒன்று பத்தாம் வகுப்பு மதுஷிகா எழுதிய கதை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு ஆட்களோடு ஆளாகப் பெயர் கொடுக்க வந்து நின்ற காட்டுப்பன்றியைப் பற்றியது. அந்தப் பன்றியைக் கண்டவன் நான். கண்டேன் என்று நான்தான் சொல்கிறேன், வேறு சாட்சி கிடையாது.

3. வியாழக்கிழமைகளில் நான் மாத்தளை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போவதால், அச்சகத்துக்கான கடித உறையை என்னிடமே கொடுத்துவிடுவார்கள். அதற்காகக் காத்திருந்த நாட்களில் டீச்சர் வேலை செய்வதைப் பார்த்தேன். புத்தகத்தின் பெயர் என்றால் சாய்ந்த எழுத்து. புத்தகத்துக்குள் இருக்கும் கதையின் பெயர் என்றால் மேற்கோள் குறி. பெரிய சொல்லுக்குப் பெரிய எழுத்து, 'ஒஃப்', 'த' போன்ற சின்னச் சொல்லுக்குச் சின்ன எழுத்து. பதினான்கு தலைப்பையும் மூன்று தரம் விரல் வைத்துப் பார்த்தார். நான் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் பூட்டை இழுத்துப் பார்த்தவன். அப்படி ஒரு கவனத்தை என்னிடமே நான் கண்டதில்லை.

4. சின்னச் சொற்கள் என்ன பாவம் செய்தன என்று கேட்டேன். "அதெல்லாம் மத்த சொல்ல கையப் புடிச்சு கூட்டிட்டுப் போற வேல செய்யுது ஐயா. ஆனா தலைப்புல மொதல்ல வந்து நின்னா அதுக்கும் பெரிய எழுத்துதான்" என்றார். "அப்ப இவ்வளவு காலமும் நான் நடுவுல நின்னதுதான் பிழையா டீச்சர்?" என்றேன். சிரித்த சிரிப்பில் சிவப்புப் பேனை கீழே விழுந்தது.

5. பழைய மாணவர் சங்கத் தலைவர் திரு. செல்லச்சாமி தமது ஆங்கில வாழ்த்துச் செய்தியின் தலைப்பைப் பார்த்துக் கோபப்பட்டார். எல்லாம் பெரிய எழுத்தாக, தடிப்பாக, சாய்வாக, அடியில் கோடிட்டு, இரு பக்கமும் மேற்கோள் குறியோடு வர வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினார். கோட், ஸ்வெட்டர், கம்பளி, மழைக்கோட்டு எல்லாவற்றையும் ஒன்றாக மாட்டிக்கொண்டு நல்ல வெயிலில் நிற்பவரைப் போல அது எனக்குத் தெரிந்தது. அவர் நல்ல மனிதர். குளிர் அதிகமோ என்னவோ. அவருடைய செய்திக்குக் கீழேதான் மதுஷிகாவின் கதை. மேலே பெருத்தால் கீழே சுருங்கும்.

6. டீச்சர் எதிர்த்துப் பேசவில்லை. "அவர் விருப்பம் அதுன்னா அப்படியே போகட்டும்" என்று, சிவப்பு மை இட்ட பக்கத்தைத் தம் கையாலேயே உறையில் வைத்தார். தாம் ஒழுங்காக்கி வைத்திருந்த, சிவப்பு மை படாத பிரதியைக் கசக்கிப் போட்டார். நான் அதை எடுத்துக்கொண்டேன்.

7. ஐயா, பஸ்ஸில் உறையைத் திறந்தவன் நான். கசங்கிய பக்கத்தை முழங்காலில் வைத்து நீவி உள்ளே வைத்தேன். சிவப்புப் பக்கத்தை மருந்து எழுதித் தரும் எனது கிளினிக் கொப்பிக்குள் வைத்தேன். அச்சகத்து ஸமத் நானாவுக்கு இது தெரியாது. மலர் வந்தபோது பதினான்கு தலைப்புகளும் ஒரே உடுப்பில் வரிசையாக நின்றன. தலைவரும் மதுஷிகாவும் ஒரே அளவு. அந்தப் பிள்ளை தன் தலைப்பை விரலால் தடவிப் பார்த்ததை நான் கண்டேன். இதற்குச் சாட்சிகள் உண்டு.

8. வேண்டுமென்றே அவமதித்தார் என்று தலைவர் முறையிட்டு, டீச்சரை இடமாற்றம் செய்யக் கேட்டிருக்கிறார். உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று டீச்சரிடம் சொன்னேன். "பேசாம இருங்க ஐயா, ஒங்களுக்குப் பிரஷர் இருக்கு" என்றார். உறை யார் கையில் போனது என்று தெரிந்தும், தமது விளக்கக் கடிதத்தில் என் பெயரை அவர் எழுதவில்லை. எனக்குப் பிரஷர் கூடியது அதனால்தான்.

9. அவர் வருவதற்கு முன் நான்கு வருடம் இங்கே ஆங்கில ஆசிரியர் இல்லை. மதுஷிகா அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும். ஆகையால் அவர் மீதான விசாரணையை நிறுத்தி, அவரை எங்களுக்கே விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தண்டனை கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எனக்குக் கொடுங்கள். வேலையிலிருந்து நீக்க என்னிடம் வேலை இல்லை. இடமாற்றம் என்றால் தம்புள்ளைக்கு மாற்றுங்கள், அங்கே மரக்கறி நல்லது.

10. சிவப்பு மை இட்ட பக்கத்தை இத்துடன் இணைத்துள்ளேன். பார்த்துவிட்டுத் தலைவரிடம் சேர்த்துவிடவும், தேடுவார். உங்கள் அடுத்த பொதுமக்கள் தினத்தன்று எல்கடுவையிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறேன். அன்றைக்கு மட்டும் நடுவில் நிற்க மாட்டேன். வரிசையில் முதல் ஆள் நான்தான்.

இப்படிக்கு,
உறையைத் திறந்தவன்,
ம. இராயப்பன் (ஒப்பம்)

இடம்: எல்கடுவ
திகதி: 2025.10.14

இணைப்பு: சிவப்பு மை இட்ட பக்கம் ஒன்று. கிளினிக் கொப்பியின் மருந்து வாசம் அதில் இருக்கும்.